திங்கள், புதன், வெள்ளி

கொர்லகுண்டா, திருப்பதி
12 ஏப்ரல் 2024

ரூபா நைனாவுக்கு,

மனோரமா எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் பொய். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதினால் மெய். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. போனில் என்ன நடக்கிறது? நீங்கள் கத்துகிறீர்கள், நான் வைத்துவிடுகிறேன். பிறகு இரண்டு பேரும் மாறி மாறி மகள் ரூபாவைக் கூப்பிட்டுக் கோள் சொல்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை செய்யும் துணிக்கடையில் பில் போட ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, நாம் இரண்டு பேரும் அவளுக்கு விடாமல் போன் அடித்திருக்கிறோம். வீட்டுக்கு வந்ததும், "உங்க சண்டைய பேப்பர்ல போட்டுக்கோங்க, என்ன வுட்டுடுங்க" என்று ஒரு நோட்டை என் மடியில் போட்டாள். ஆஸ்பத்திரியில் விரல் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணும், எழுதினால் விரலுக்கு நல்லது என்று ஒரு தடித்த பேனா கொடுத்திருக்கிறாள். மாடு கட்டும் முளையைப் பிடித்து எழுதுவதுபோல் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

டாக்டரம்மாவைப் பார்த்தேன். முடக்குவாதம் என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோய் இல்லை, என் உடம்பே என் மூட்டுகளை எதிரி என்று நினைத்து அடிக்கிறது என்று மறுபடியும் பொறுமையாகச் சொன்னார். முதலில் கொடுத்த வாரம் ஒருமுறை மாத்திரை கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளாததால்தான் போன ஐப்பசியில் இந்த ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினார்கள், ஞாபகம் இருக்கிறதா? இது எல்லோருக்கும் கேட்காது, இதை எழுதிக்கொடுக்காத டாக்டர்களே அதிகம், ஆனாலும் உங்களுக்குக் கேட்கும் என்று நம்பினேன் என்றார். ஆறு மாதம் ஆகியும் வலி இம்மியும் குறையவில்லை, வலது கையில் இரண்டு விரல் கோணிக்கொண்டன. அதனால் பக்கத்திலேயே தங்கி, வெயில் படாமல் இருந்து, முதலிலிருந்து பார்க்கலாம் என்கிறார். கார்த்திகைக்குள் தேறினால் ஊருக்கு வரலாம். தேறாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

நான் கிளம்பிய அன்று நீங்கள் சொன்னதை மட்டும் முழுங்க முடியவில்லை. "முழுங்கற மாதிரி முழுங்கிட்டு கொல்லையில துப்பினு இருந்திருப்ப, இல்லன்னா இத்தன மாசத்துல கொஞ்சமாவது கேட்டிருக்காதா" என்றீர்கள். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி மாத்திரை. மூன்று நாளும் விடியற்காலையில் ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் பால் தம்ளருமாக வந்து நின்றது யார்? மாத்திரை சூடு, பால்தான் தணிக்கும் என்று தம்ளர் காலியாகும்வரை நகராமல் நின்றது யார்? அப்படி நின்றவருக்கு இப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது?

சரி, போகட்டும். செவலைக்கு மடி வீங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் கறக்க உட்கார வேண்டும், இல்லாவிட்டால் உதைக்கும். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மனோரமா


தாங்கல்புரம், நகரி மண்டலம்
21 ஏப்ரல் 2024

மனோரமாவுக்கு,

முனிகிருஷ்ணன் எழுதுவது. கடிதம் வந்தது. பேங்க் நோட்டீசா என்று போஸ்ட்மேன் கேட்டார். அதைவிடப் பெரிய இடத்து நோட்டீஸ் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பால் சென்டரில் பாலை அளந்து வாங்கிக்கொண்டே படிக்க முடியவில்லை. எல்லோரும் கழுத்தை நீட்டுகிறார்கள். மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்து படித்தேன்.

அன்றைக்குச் சொன்னது கோபத்தில் சொன்னது. நீ முழுங்கியதை நான்தானே நின்று பார்த்தேன். ஆறு மாதம் ஒருத்தி மாத்திரை போட்டும் விரல் கோணினால் மனுஷனுக்கு யார்மேலாவது எரிச்சல் வராதா? டாக்டர்மேல் காட்ட முடியாது, அவர் படித்தவர். மாத்திரைமேல் காட்ட முடியாது. எதிரில் நீ இருந்தாய். இதற்குமேல் என்னை எழுதவைக்காதே.

இங்கே வெயில் ஆளைத் தின்கிறது. பதினோரு மணிக்குமேல் தெருவில் நாய்கூட இல்லை. ஏழுமலை நேற்று பால் ஊற்ற வந்தான். அவன் மாட்டுக்கு மூன்று நாள் முன்னால்தான் மடி வீக்கத்துக்கு ஊசி போட்டிருக்கிறான், எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டான். "ஏம்ப்பா, ஊசி போட்டா மருந்து பால்ல எறங்கும், அத்த குழந்தைங்க குடிச்சினு கெடக்கணுமா" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். கேனைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே போனான். முணுமுணுக்கட்டும். நான் இந்த விஷயத்தில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். திருப்பதியில் பாக்கெட் பால்தான் கிடைக்கும், தண்ணீராக இருக்கும். ரூபாவை அதைச் சுண்டக் காய்ச்சிக் கொடுக்கச் சொல். மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டுத் தொலைக்காதே, வயிறு வெந்துவிடும். நான் அங்கே நின்று பார்க்க முடியாது என்பதால் சொல்கிறேன்.

செவலை நன்றாக இருக்கிறது. என்னை ஒரு தரம் உதைத்தது.

இப்படிக்கு,
முனிகிருஷ்ணன்


கொர்லகுண்டா, திருப்பதி
18 மே 2024

ரூபா நைனாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல ரூபா எழுதுகிறேன். அம்மாவால் பேனா பிடிக்க முடியவில்லை. இனி வருவதெல்லாம் அம்மா வாய்வார்த்தை.

பயப்படாதீர்கள். ஒரு மாதமாக உடம்பு படுத்துகிறது. முழங்கால், மணிக்கட்டு, தாடை என்று எல்லா இடத்திலும் வலி சேர்ந்துகொண்டு திருவிழா நடத்துகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றி, சுவர் என்னைப் பார்த்து நடந்து வருகிறது. வாந்தி வருவதுபோல் இருக்கிறது, வருவதில்லை. மாத்திரை போட்டுவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும், படுத்தால் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மாத்திரை நின்று புண்ணாக்கிவிடுமாம். நான் தலை சுற்றலோடு ரூபாவின் கட்டிலில் கோவில் சிலைபோல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள்.

போன வாரம் பத்து நிமிடம், பத்தே நிமிடம், மாடியில் துணி எடுக்கப் போனேன். முழங்கைக்குக் கீழே தோல் தீயில் சுட்டதுபோல் சிவந்து கொப்புளம் கட்டிவிட்டது. இந்த மாத்திரை போட்டால் வெயில் ஆகாதாம். இப்போது முழுக்கை ரவிக்கையும் குடையுமாகத்தான் வெளியே போகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு போகிறவளைப் பார்த்து எதிர்வீட்டு அகிலா, "வான எக்கடம்மா?" என்று கேட்கிறாள். மழை எங்கே பெய்கிறது என்கிறாள். எனக்கு மட்டும் பெய்கிறது என்றேன். மத்தியானம் தயிர் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள், மாத்திரை வயிற்றிலிருக்கும் நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்றுவிடுமாம். எல்லாம் செய்கிறேன். கவலைப்படாமல் இருங்கள்.

மனோரமா
(ரூபா கையெழுத்து)

நைனா, இனி நான். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். மருந்து பிடிக்க ஆரம்பிக்கும்போது சிலருக்கு வலி முதலில் கூடும், தலை சுற்றும், வெயில் ஒத்துக்கொள்ளாது, ஆனால் அதெல்லாம் முதல் மாதத்திலேயே வந்திருக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து ஏன் புதிதாக வருகிறது என்றார். அம்மா பேசவில்லை. எனக்கு உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. ஊரில் பாலோடுதான் போட்டார்கள், இங்கே வந்துதான் தண்ணீரில் போடுகிறார்கள் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பால் அந்த மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், ரத்தத்தில் சரியாகச் சேரவிடாதாம். முன்னால் போட்டதை மறந்துவிடுங்கள், இப்போதுதான் மருந்தே ஆரம்பிக்கிறது என்றார். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை நைனா. தெரியாமல் இருக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

ரூபா


தாங்கல்புரம்
27 மே 2024

மனோரமாவுக்கு,

ரூபா கடைசியில் எழுதியதைப் படித்தேன். அவளைத் திட்டாதே. அவள் எழுதாவிட்டால் யார் எழுதியிருப்பார்கள்?

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊசி போட்ட மாட்டின் பாலை ஊற்றாதே என்று ஊர் முழுக்கப் பாடம் நடத்துகிறவன் நான். மருந்து பாலுக்குள் இறங்கும் என்று எனக்குத் தெரியும். பால் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ஒரு தடவையாவது தோன்றியிருக்க வேண்டாமா? நீ குடித்து முடிக்கிறவரைக்கும் நின்றேனே. ஒரு நாள் நீ பாதியில் தம்ளரைக் கீழே வைத்தபோது, மீதியையும் குடி என்று சொன்னேனே. உன் விரலை என் கையாலேயே கோணவைத்துவிட்டு, நீ துப்பினாய் என்று உன்மேல் பழியும் போட்டேன். இந்த வாயை என்ன செய்வது?

வேணு வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. பாயசம் ஊற்றுவார்கள் என்ற நினைப்பே கசந்தது.

இனி நம் வீட்டில் பால் வாசனையே கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை செவலையை விற்றுவிட்டேன். பாகாலா பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போனான். நல்லவனாகத்தான் தெரிந்தான். கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்திலிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து குளியலறை வரைக்கும் கல்தூண் நட்டு, மேலே நாற்றங்காலுக்குப் போடுகிற பச்சை வலையைக் கட்டப் போகிறேன். நீ வரும்போது வீட்டுக்குள் எங்கே போனாலும் உன்மேல் ஒரு பொட்டு வெயில் படாது.

தலை சுற்றும்போது தனியாக நடக்காதே.

முனிகிருஷ்ணன்


கொர்லகுண்டா, திருப்பதி
15 ஜூன் 2024

ரூபா நைனாவுக்கு,

இதுவும் ரூபா கையெழுத்துதான். விரல் இன்னும் மடங்கவில்லை. ஆனால் தலை சுற்றல் குறைந்திருக்கிறது, இந்த வாரம் இரண்டு நாள் காலையில் நானே தலை வாரிக்கொண்டேன். அதை முதலில் எழுதச் சொன்னேன், ஏனென்றால் இனி எழுதப் போவது கோபம்.

செவலையை எதற்கு விற்றீர்கள்? அது கன்றாக இருந்தபோது தாய் செத்துப்போய், சீசாவில் பால் ஊட்டி வளர்த்தவள் நான். அதை விற்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? போன் எடுக்கக்கூட வேண்டாம், ஒரு கடிதம் போதும். பால் விஷம் இல்லை. நான் பால் குடிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரைக்கும் பாலுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். அவ்வளவுதான் விஷயம். அதற்குப் போய் ஒரு உயிரை ஓட்டிவிட்டீர்களே.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, பாலைப் பற்றி. செவலையைப் பற்றி இருக்கிறது. அது புது இடத்தில் யாரை உதைத்துக்கொண்டிருக்கிறதோ.

மனோரமா

நைனா, அம்மா இதைச் சொல்லும்போது அழுதார்கள். மாட்டுக்காகத்தான் என்றார்கள். — ரூபா


தாங்கல்புரம்
14 ஜூலை 2024

மனோரமாவுக்கு,

உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். போன புதன்கிழமை திருப்பதிக்கு வந்தேன்.

உன் கடிதத்தில் இரண்டு மணி நேரம் என்று படித்ததிலிருந்து ஒரே எரிச்சல். இவ்வளவு சின்ன விஷயத்தை அந்த டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தால் ஆறு மாதமும் வீணாகியிருக்காது, உன் விரலும் போயிருக்காது, செவலையும் இருந்திருக்கும். நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று நகரியில் ரயில் ஏறினேன். மத்தியானம் வரைக்கும் உட்காரவைத்தார்கள். உள்ளே போனதும் எனக்குத் தெரிந்த தெலுங்கில் சத்தம் போட்டேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. உட்காருங்கள் என்றார். தண்ணீர் கொடுத்தார்.

முதல் நாளே சொன்னாராம். எல்லோரையும் திருப்பிச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாராம். உன்னையும் திருப்பிச் சொல்லச் சொன்னாராம். நான் அப்போது வெளியே பைக்கை நகர்த்தச் சொல்லிக் கூப்பிட்டதால் போயிருந்தேன். "மீ ஆவிட பாகா செப்பிந்தி, ரெண்டு கண்டல தருவாத்த பாலு அனி" என்றார். உங்கள் வீட்டம்மா நன்றாகவே சொன்னார், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பால் என்று.

நான் எழுந்து வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் கொர்லகுண்டாவுக்கு ஆட்டோ பேசி ஏறி உட்கார்ந்தேன். வண்டி கொஞ்ச தூரம் போயிருக்கும். இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன். உன் எதிரில் வந்து நின்றால் இதைக் கேட்டுவிடுவேன், கேட்டால் கத்திவிடுவேன் என்று பயம். அடுத்த ரயிலில் ஊருக்கு வந்துவிட்டேன்.

இப்போது கத்தாமல் எழுதுகிறேன். தெரிந்துதான் குடித்தாயா? வாரா வாரம் திங்கள், புதன், வெள்ளி, நான் கொடுத்தது மருந்தைக் கெடுக்கும் என்று தெரிந்தே குடித்தாயா? ஏன்? என்னிடம் சொல்லப் பயமா? நான் அவ்வளவு கெட்டவனா?

முனிகிருஷ்ணன்


கொர்லகுண்டா, திருப்பதி
2 ஆகஸ்ட் 2024

ரூபா நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை ரூபா படித்துக் காட்டினாள். படித்து முடித்ததும் அவளும் என்னைப் பார்த்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

தெரியும். தெரிந்துதான் குடித்தேன். ஏன் என்பதை மகள் கையால் எழுத முடியாது. அது எனக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது. என் விரல் பேனாவைப் பிடிக்கட்டும், அப்போது எழுதுகிறேன். அதுவரை கேட்காதீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை. இதை ரூபா இரண்டு தரம் எழுதட்டும். நீங்கள் கெட்டவர் இல்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கியது எந்த இடத்தில் என்று எழுதியிருந்தால், நான் சாயங்காலம் நடக்கப் போகும்போது அந்த இடத்தையாவது பார்த்திருப்பேன்.

மனோரமா


தாங்கல்புரம்
20 அக்டோபர் 2024

மனோரமாவுக்கு,

நீ கேட்காதே என்று எழுதியதால் இத்தனை நாள் எழுதவில்லை. கேட்காமல் எனக்குக் கடிதம் எழுத வராது என்று இப்போதுதான் தெரிகிறது.

ரூபா போனில் சொன்னாள், காலையில் எட்டு மணிக்கே விரல் மடங்குகிறதாம், வீக்கம் வடிந்துவிட்டதாம், கார்த்திகையில் ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் அதைக் கேட்டதும் சென்டரில் எல்லோருக்கும் மிக்சர் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். ஏழுமலைக்குக்கூட.

பந்தல் முடிந்துவிட்டது. பச்சை வலை ஒன்று போட்டால் பொட்டுப் பொட்டாக வெயில் விழுந்தது, அதனால் இரண்டு அடுக்காகப் போட்டேன். நடுப்பகலில் கீழே நின்றால் ஏரிக்குள் நிற்பதுபோல் இருக்கிறது. தேவேந்திரன் வந்து பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, ஊட்டுக்குள்ள நர்சரி வெச்சினு கீற" என்று கேலி செய்கிறான். செய்யட்டும். துணி துவைக்கிற கல்லைப் பந்தலுக்குள் நகர்த்தினேன், பிறகு நீ துவைக்கவே வேண்டாம் என்று யோசித்து அங்கே ஒரு நாற்காலி போட்டுவிட்டேன். குழாய்த் திருகு உன் கைக்குக் கஷ்டம் என்று நீளக் கைப்பிடி வைத்ததாக மாற்றினேன். அம்மியைக் கொல்லைக்குத் தள்ளிவிட்டு மிக்சி வாங்கியாகிவிட்டது.

கேள்வியை நான் விட்டுவிட்டேன். பதில் வேண்டாம். நீ வந்தால் போதும். திங்கள், புதன், வெள்ளி காலையில் மாத்திரையும் தண்ணீரும் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். வெறும் தண்ணீர். காய்ச்சி ஆறவைத்தது. நீ எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் எழுது, ஸ்டேஷனுக்குக் குடையோடு வருகிறேன்.

முனிகிருஷ்ணன்


கொர்லகுண்டா, திருப்பதி
12 நவம்பர் 2024

ரூபா நைனாவுக்கு,

இது என் கையெழுத்து. ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். ரூபா பார்க்கவில்லை.

டாக்டரம்மா சொன்னது உண்மைதான். வலி பாதிக்குமேல் போய்விட்டது. நகம் கொஞ்சம் நீலமாகியிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்திருக்கிறது, அது மாத்திரையின் வேலை, பார்த்துக்கொள்ளலாம் என்றார். கோணிய இரண்டு விரல் மட்டும் இனி நிமிராது. எலும்பில் பட்டுவிட்டதாம். மருந்து ஆறு மாதம் முன்னாலேயே பிடித்திருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நீங்கள் கேள்வியை விட்டுவிட்டதாக எழுதினீர்கள். எனக்கு விட முடியவில்லை.

இந்த நோய் ஆரம்பித்தபோது என்ன என்று யாருக்கும் தெரியாது. காலையில் விரல் மடங்காது, கறக்க உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் வரும். ஒரு நாள் பால் சென்டருக்கு நேரத்துக்கு வரவில்லை என்று, அத்தனை பேர் எதிரில், "ஒன் கை வலி மாட்டுக்குத் தெரியுமா, கொழுப்பெடுத்துப் போய் படுத்துக்கினு கீற" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தக் கையோடுதான் கறந்தேன். பிறகு ரத்தப் பரிசோதனையில் நோய் உண்மை என்று தெரிந்தது. நீங்கள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் முகத்தை நான் பார்த்தேன். சென்டரில் பேசியதற்கு அன்றைக்கு நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். வாரம் ஒருமுறை மாத்திரை போட்ட காலம் முழுக்கக் காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை.

பிறகு இந்த மாத்திரை. முதல் திங்கட்கிழமை விடியற்காலையில் கண் விழித்தால் நீங்கள் தம்ளரோடு நிற்கிறீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் எனக்கு ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. பாலை ஆற்றி, ஆடை எடுத்து, சூடு தாங்காமல் துண்டால் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பால் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை. புதன்கிழமை சொல்லலாம் என்று குடித்துவிட்டேன்.

நடுவில் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் சீக்கிரமே விழித்துக்கொண்டு காத்திருந்தேன். நீங்கள் எழுந்தீர்கள், முகம் கழுவினீர்கள், கேனை எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போய்விட்டீர்கள். புதன்கிழமை மறுபடி தம்ளரோடு நின்றீர்கள். அப்போது புரிந்துபோயிற்று. மாத்திரை இருக்கும் நாளில்தான் பால் வரும். பால் கூடாது என்று சொன்னால் இதுவும் நின்றுவிடும். பாலைக் குடித்துவிட்டு மாத்திரையை இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டுக்கொள்கிறேன் என்றாலும் நீங்கள் மாத்திரையை வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் குடித்தேன். அடுத்த வாரமும் குடித்தேன். வலி கூடியபோதும் குடித்தேன். ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் கொண்டுவந்திருந்தால் மறுநாளே உண்மையைச் சொல்லியிருப்பேன்.

வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. ரூபாவுக்குத் தலை பின்ன முடியவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஐம்பது வயதில் ஒரு தம்ளர் பாலுக்காக இப்படிச் செய்தேனே என்று என்மேல் எனக்கே கோபம் வருகிறது. நீங்கள் சொல்லாததற்காக உங்கள்மேலும் வருகிறது. இத்தனை கடிதம் எழுதினீர்கள், வலை எத்தனை அடுக்கு என்றுகூட எழுதினீர்கள், அந்த ஒரு நாள் சென்டரில் சொன்னதைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

நீங்கள் பந்தலைப் பற்றி எழுதியதைப் படித்ததும் பையை எடுத்துத் துணியெல்லாம் அடுக்கிவிட்டேன். இரண்டு அடுக்கு வலை, நாற்காலி, நீளக் கைப்பிடிக் குழாய். யார் எனக்கு இப்படியெல்லாம் செய்திருக்கிறார்கள்? அடுக்கி முடித்து, பையை மூடும்போதுதான் பயம் வந்தது. செவலையை ஓட்டிவிட்டதும் அன்புதான். கேட்காமல் செய்த அன்பு. நான் அங்கே வந்தால் நீங்கள் தண்ணீர் கொடுப்பீர்கள், வாங்கிக் குடிப்பேன். நாளைக்கு வேறு எதையாவது நல்லது என்று நினைத்துக் கொண்டுவருவீர்கள். அதையும் குடிப்பேன். உங்கள் கையிலிருந்து வருவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. இந்த வயதில் இனி வரும் என்றும் தோன்றவில்லை.

அதனால் நான் வரவில்லை. பையைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். இது கோபம் இல்லை. ரூபாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஸ்டேஷனில் போய் நிற்காதீர்கள். பந்தலுக்குள் போட்ட நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், உங்களுக்கும் வெயில் ஆகாது.

இங்கே மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். யாரும் நிற்பதில்லை. இன்று செவ்வாய்க்கிழமை, மாத்திரை இல்லாத நாள். பாக்கெட்டை வெட்டி, பாலைக் காய்ச்சி, ஆடை எடுத்து, துண்டால் பிடித்துக் குடித்துவிட்டு இதை எழுதி முடித்தேன்.

மனோரமா